வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்த ஹாம்

மார்ச் 19, 2010. வெள்ளிக்கிழமை.

இன்றைய தவறு: விருந்தை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்றினேன். சமையலை மாற்ற மறந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை தினமும் நாட்குறிப்பை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று புதன்கிழமை மாலை வகுப்பில், பாடம் எடுக்கும் திருத்தொண்டர் சொல்லியிருக்கிறார். முதல் வரியில் அன்றைய தவறு ஒன்று, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாமாம். வகுப்பில் நாங்கள் ஆறு பேர், வருகிற ஈஸ்டருக்கு முந்தின இரவு கத்தோலிக்கத் திருச்சபையில் சேரப் போகிறவர்கள். மற்ற ஐந்து பேரும் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு பக்கம் போதுவதில்லை.

தவறு எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வாரத்தின் இரவுச் சாப்பாட்டை அட்டைகளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவது என் பழக்கம். கிழமைக்கு ஓர் அட்டை. இந்த வாரம் வியாழன் அட்டையில் 'அம்மா, கர்ட் வீட்டார். ஹாம், பீன்ஸ், உருளைக்கிழங்கு மசியல், சோள ரொட்டி' என்று எழுதியிருந்தேன். வெள்ளி அட்டையில் 'டின் மீன், நூடுல்ஸ்'. திங்கட்கிழமை அம்மா கென்டக்கியிலிருந்து கூப்பிட்டு, வியாழக்கிழமை தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் குறைவு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். நான் உடனே வியாழன் அட்டையை எடுத்து வெள்ளியின் இடத்திலும், வெள்ளி அட்டையை எடுத்து வியாழன் இடத்திலும் ஒட்டினேன். இரண்டு காந்தமும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்றுகூடத் தள்ளி நின்று பார்த்தேன்.

நேற்று நானும் எனக்கு நிச்சயமான கர்ட்டும் மீன் சாப்பிட்டோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இன்று தொழிற்சாலையில், அனுப்பத் தயாராக இருந்த அலமாரிகளுக்கு நாற்பத்து மூன்று சீட்டுகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மார்ச் 19 என்று தேதி போட்டேன். வெள்ளிக்கிழமை என்று தெரியும். தவக்காலத்து வெள்ளியில் இங்கே யாரும் இறைச்சியைத் தொடமாட்டார்கள் என்பதும் தெரியும். நானே நான்கு வெள்ளிகள் தொடாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருடம் வெள்ளியும் எனக்கு ஒரு சாதாரணக் கிழமைதான். பழைய வருடங்கள் உள்ளே எங்கோ அப்படியே உட்கார்ந்திருக்கின்றன போலிருக்கிறது.

ஹாம்தான், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடைதான், வேண்டும் என்று கேட்டது அம்மா. பதினெட்டு மாதமாக நானும் கர்ட்டும் பழகுகிறோம். ஜூன் பன்னிரண்டாம் தேதி கல்யாணம். இன்றுவரை அம்மா கர்ட்டின் பெற்றோரைப் பார்த்ததில்லை. மூன்று முறை கூப்பிட்டோம்; மூன்று முறையும் ஏதோ ஒன்று வந்தது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அம்மா பாப்டிஸ்ட் சபை; அங்கே ஆற்றில் முக்கித்தான் ஞானஸ்நானம். நான் கத்தோலிக்கத்தில் சேருகிறேன் என்று சொன்ன அன்று, "ஒன்பது வயசுல ஆத்துல முக்கி எடுத்தாச்சு உன்னை. இன்னும் எத்தனை தடவடி நனையணும் உனக்கு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். ஜனவரியில் மறுபடி பேசியபோது சொன்னாள்:

"வர்றேன். ஆனா நீ நம்ம வீட்டு ஹாம் பண்ணணும். நம்ம சாப்பாட்டை அவங்க எப்படிச் சாப்பிடுறாங்கன்னு பாக்கிறேன். கல்யாணத்துக்கு வர்றதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மா விளையாட்டாகச் சொல்வதை எல்லாம் செய்துவிடுவாள்.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. நாலே முக்காலுக்கு உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தேன். ஐந்துக்குச் சோள ரொட்டி ஓவனுக்குள் போனது. ஐந்தேகாலுக்கு ஹாம். வேலை விட்டு வந்து செய்வதற்கு இதைவிடச் சுலபமான விருந்து கிடையாது. ஏற்கனவே வெந்த இறைச்சிதான், இருபது நிமிடம் போதும். அரை அங்குலக் கனத்தில் ஐந்து துண்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக ஓர் எலும்பு. காகிதத்தால் ஈரம் போக ஒற்றி எடுத்தேன். ஓரத்துக் கொழுப்பை அங்குலத்துக்கு ஒன்றாகக் கத்தரியால் வெட்டிவிட்டேன். அதைச் செய்யாவிட்டால் சூட்டில் ஓரம் சுருங்கி, துண்டு கிண்ணம்போல வளைந்துகொள்ளும். வார்ப்பிரும்பு வாணலியில் ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தேன்.

பிறகு அதே வாணலியில் அரைக் கோப்பை பழுப்புச் சர்க்கரை, இரண்டு கரண்டி கடுகு விழுது, ஒரு கரண்டி ஆப்பிள் காடி. இனிப்புச்சோளத் தண்டைப் பிழிந்து காய்ச்சும் பாகு எவ்வளவு என்று கேட்டால் அம்மா 'கொஞ்சம்' என்பாள். நான் மூன்று கரண்டி என்று எழுதி வைத்திருக்கிறேன். அது சரியா என்று இன்னும் தெரியாது. எல்லாம் சேர்ந்து நுரைத்து, அடியில் ஒட்டியிருந்ததும் கரைந்து, பாகு கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தபோது துண்டுகளை உள்ளே போட்டுப் புரட்டினேன். ஒவ்வொன்றும் வார்னிஷ் அடித்த அலமாரிக் கதவுபோலப் பளபளத்தது. இந்த ஒருமுறை சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு மூன்று நிமிடம் இருந்திருக்கும்.

கர்ட் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"அடேயப்பா, என்ன வாசனை! தெரு முனை வரைக்கும் வருது."

"கிட்ட வராத. அஞ்சு பேருக்கு அஞ்சு துண்டுதான்."

"துண்டு யாருக்கு வேணும்? பாகு மட்டும்." வாணலி விளிம்பிலிருந்து விரலால் வழித்து வாயில் வைத்தான். விரல் வாயிலேயே நின்றது. "லேசி."

"என்ன? உப்பா இருக்கா?"

"இல்ல. இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. கரண்டியை அடுப்பு மேலேயே வைத்துவிட்டேன்.

"நேத்து நீ மீன் போட்டப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றான் கர்ட்.

"ஒரு மாதிரி இருந்தா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"வாயில மீன் இருந்துச்சே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கர்ட்டின் அப்பா அர்பன் மேலிங், தவக்காலத்து வெள்ளிகளில் பங்குக் கோயில் கூடத்தில் ஊருக்கே மீன் பொரிப்பவர். இருபத்தேழு வருடமாக மாவு கலப்பது அவர் கைதான். இன்று எங்கள் விருந்துக்காக ஒரு மணி நேரம் மட்டும் வேறொருவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு முன்னால் நான் ஹாம் வைக்கப் போகிறேன்.

"நான் ஓடிப்போய் அஞ்சு மீன் வாங்கிட்டு வந்துடறேன். நாலு நிமிஷம்," என்றான் கர்ட்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது? நீ கேட்ட ஹாம் இருக்கும்மா, ஆனா அதை நீ மட்டும் தின்னு, நாங்க வேற திங்கிறோம்னா? அப்புறம் ஜூன்ல அவ இந்தப் பக்கம் எட்டிப் பாப்பாளா?"

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா ஊர் கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். அதற்காகவே நான் அவளிடம் ஆறு என்று சொல்லாமல் ஐந்து என்று சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கு மட்டும் இன்று தப்பவில்லை.

அம்மா பச்சைச் சட்டையும் வெள்ளைக் காதணியும் போட்டிருந்தாள். தேவாலயத்துக்குப் போகிற உடை. நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"ஓ! என் வாணலி இங்கதான் இருக்கா? ரெண்டு வருஷமாத் தேடிட்டு இருக்கேன்."

"கேட்டுட்டுத்தானேம்மா எடுத்தேன்."

"கேட்ட. நான் சரின்னு சொன்னேனா?" கரண்டியை எடுத்துப் பாகைச் சரித்துப் பார்த்தாள். "ம். பதம் வந்திருக்கு. பரவால்லயே, கண்ணு." என் தோளைத் தட்டினாள். கர்ட்டைப் பார்த்து, "நீ ஏம்பா பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள்.

"பசிங்க," என்றான் கர்ட்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இது இன்றைய இரண்டாவது தவறு. ஒன்று எழுதினால் போதும் என்றுதான் திருத்தொண்டர் சொன்னார், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சரியாக ஆறு மணிக்கு மேலிங் தம்பதி வந்தார்கள். கர்ட்டின் அம்மா டெலோரிஸ் கையில் ஆப்பிள் அடைத்துச் சுட்ட பலகாரம். அர்பன் சட்டை மாற்றியிருந்தார், ஆனால் அவர் வருவதற்கு முன்னால் மீன் வாசனை உள்ளே வந்தது.

"மன்னிச்சுக்கங்க, மார்ச்சு மாசம் முழுக்க இவர் மேல இந்த வாடைதான்," என்றாள் டெலோரிஸ். "கழுத்து வரைக்கும் சோப்பு போட்டாலும் போகாது."

"எங்க வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தார்," என்றாள் அம்மா. "வாடைக்கெல்லாம் நான் பயப்படறவ இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு நன்றாகத் தொடங்குகிறதே என்று நான் ஹாம் தட்டைப் பார்த்தேன்.

மேசையில் உட்கார்ந்தோம். அர்பன் சிலுவை அடையாளம் போட்டு ஜெபம் சொன்னார். அம்மா சிலுவை போடவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். பிறகு தட்டுகள் கை மாறத் தொடங்கின. ஹாம் தட்டு முதலில் டெலோரிஸிடம் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவிடம் நகர்த்தினாள்.

"நீங்க முதல்ல எடுத்துக்கங்க."

அம்மா ஒரு துண்டு எடுத்துவிட்டு அர்பனிடம் நீட்டினாள். அர்பன் அதை இரண்டு கையாலும் வாங்கி, கர்ட் பக்கம் வைத்தார். அவர் தட்டில் உருளைக்கிழங்கு மலைபோல ஏறியது. பீன்ஸ். சோள ரொட்டி ஒன்று. இன்னொன்று. கர்ட் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்ன, உங்களுக்கு ஹாம் ஆகாதா?"

"ரொம்பப் பிடிக்குங்க," என்றார் அர்பன். அவர் காது சிவந்துவிட்டது.

"தப்பு என் மேலம்மா," என்றேன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலத்துல வெள்ளிக்கிழமை இவங்க சுத்தபோசனம். இறைச்சி தொடமாட்டாங்க. வியாழக்கிழமைக்குப் போட்ட திட்டம், நாள் மாறினப்ப நான் யோசிக்கல."

"ஓஹோ." அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இதைத் தின்னா நான் பாவியா?"

"ஐயோ, இல்லீங்க!" என்றார் அர்பன். "இது எங்களுக்குத்தான். உங்களுக்கு இந்த விதி கிடையாது. நீங்க நல்லாச் சாப்பிடுங்க."

"நான் திங்கிறதை நாலு பேர் சுத்தி உக்காந்து வேடிக்கை பாக்கவா?"

"எங்களை மன்னிக்கணும்," என்றார் அவர். "வேணும்னு பண்ணல. எனக்கு அறுபத்திரெண்டு வயசாகுது. பட்டாளத்துல இருந்தப்பகூட வெள்ளிக்கிழமை இறைச்சியை ஓரமா ஒதுக்கி வச்சவன். கை வர மாட்டேங்குது."

"உங்க கையை நான் பிடிச்சு இழுக்கலையே," என்றாள் அம்மா. குரல் மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலிக்குக் கீழே இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா ஓரிடத்திலிருந்து கிளம்பப் போகிறாள் என்றால் முதலில் கைப்பை மடிக்கு வரும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த அடையாளம் அது.

ஹாமின் மேல் பாகு ஆறி, கண்ணாடிபோல இறுகத் தொடங்கியிருந்தது. டெலோரிஸ்தான் ஏதாவது பேசி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தாள்.

"இந்த நாள்ல போய் இப்படி ஆகுதே. காலையில பூசைக்குக்கூடப் போயிட்டு வந்தேன். இன்னிக்கு சூசையப்பர் திருநாள். எங்க அப்பா பேரும் அதேதான், ஜோசப், அதனால வருஷா வருஷம் தவறாமப் போவேன்."

சூசையப்பர். மார்ச் 19. இந்த இரண்டையும் சேர்த்து நான் எங்கோ எழுதியிருக்கிறேன்.

எழுந்து போய் வகுப்பு நோட்டை எடுத்து வந்தேன். பக்கங்களின் மேல் தேதி போட்டு எழுதுவதால் தேட நேரமாகவில்லை. பிப்ரவரி 24, ஒருசந்தி உபவாசமும் சுத்தபோசனமும் பற்றிய பாடம். ஏழாவது வரியில் இருந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நான் எழுதியது தப்பாக இருந்தால், அறுபத்திரண்டு வருடம் ஒரு மனிதர் காப்பாற்றிய ஒன்றை என் கையெழுத்தை நம்பி உடைத்துவிடுவார். நான் சொல்லாமல் விட்டால் அம்மா இன்னும் ஐந்து நிமிடத்தில் காருக்குப் போய்விடுவாள்.

"இது சரியான்னு எனக்கு உறுதியாத் தெரியல," என்றேன். "ஆனா எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டுமா?"

"படி," என்றாள் அம்மா.

"'பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்று சுத்தபோசனம் கிடையாது. உதாரணம்: சூசையப்பர், மார்ச் 19.'"

அர்பன் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார்.

"பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருக்கியே?"

"அது... நான் எல்லாத்துக்கும் போடுவேன், மிஸ்டர் மேலிங்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "ஆமா. எல்லாத்துக்கும் இருக்கு. 'கடவுள் ஒருவரே' பக்கத்துலகூட இருக்கு."

"கைப் பழக்கம்," என்றேன். கர்ட் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தான்.

"ஆறு வருஷம் முன்னாடிகூட மார்ச் 19 வெள்ளிக்கிழமை வந்துச்சே," என்றாள் டெலோரிஸ். "அன்னிக்கு நாம என்ன சாப்பிட்டோம்?"

"நான் பொரிச்ச மீனைத்தான் சாப்பிட்டோம். வேற என்ன சாப்பிடுவோம்?" அர்பன் கண்ணாடியைக் கழற்றினார். "போன் எங்கம்மா இருக்கு?"

அடுப்படிச் சுவரில் இருக்கிறது. கோயில் கூடத்தின் எண் அவருக்கு மனப்பாடம். பங்குச் சாமியாரும் அங்கேதான் இருப்பார். அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் எங்களுக்கே கேட்டன. அதனால் அவர் கத்தினார்; அந்தப் பக்கமும் கத்தினார்கள். மேசையில் இருந்த நாங்கள் எல்லோரும் இரண்டு பக்கத்தையும் கேட்டோம்.

"சாமி இருக்காரா? அர்பன் பேசறேன். கூப்பிடுப்பா. இல்ல, மாவு சரியாத்தான் கலந்திருக்கேன், அதைப் பத்தி இல்ல... சாமி! இன்னிக்கு ஹாம் சாப்பிடலாமா?"

"என்னது?"

"ஹாம்! பன்றித்தொடை! சூசையப்பர் நாள்னா வெள்ளிக்கிழமை சாப்பிடலாம்னு சொல்றாங்க!"

"சாப்பிடலாமே! ஞாயித்துக்கிழமைப் பூசை முடிவுல அறிவிச்சேனே! நீ அந்த நேரத்துல கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்த, ஞாபகம் இருக்கா? குறட்டைகூடக் கேட்டுச்சு!"

டெலோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நீங்க என்னத்துக்கு அங்க மீன் சாப்பிட்டுட்டு இருக்கீங்க?" என்று கத்தினார் அர்பன்.

"ரெண்டு அண்டா மாவைக் கலந்து வச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட! யாராவது சாப்பிட வேணாமா?"

அர்பன் போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, என் நோட்டில் அந்த ஒரு கேள்விக்குறியை மட்டும் நிதானமாக அடித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு துண்டு கொடுக்கறீங்களா?"

அம்மா உடனே கொடுக்கவில்லை. கைப்பை இன்னும் மடியில்தான் இருந்தது.

"ஒரு விதி. அந்த விதிக்கு ஒரு விலக்கு. அதை நோட்டுல எழுதி, அதையும் நம்பாம போன் போட்டுக் கேட்டு... பசிக்கவே பசிக்காதா உங்களுக்கெல்லாம்?"

"பசிக்குதுங்க," என்றார் அர்பன். "காலையிலிருந்து மீனை மோந்துக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க."

அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். "லேசி, இது ஆறிப்போச்சு. இப்படியா அவருக்குக் கொடுக்கறது? வாணலியைப் பத்த வை."

வைத்தேன். துண்டுகளை மறுபடி போட்டேன், பாகு இளகிக் கொதித்தது. அவசரத்தில் தீயைக் கூட்டியதால் அடியில் ஒரு பக்கம் பிடித்துவிட்டது. ஹாமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து துண்டுகளும் ஐந்து தட்டுகளுக்குப் போயின. அர்பன் ஒரு விள்ளல் வெட்டி வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு விள்ளல். நாங்கள் நால்வரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேடிக்கை பாக்காதீங்க," என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவள் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

டெலோரிஸ் சோள ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் ஓடிய பாகைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். "இதுல என்ன போட்டிருக்கீங்க? சர்க்கரை தெரியுது, கடுகு தெரியுது. இன்னொண்ணு என்னமோ இருக்கு."

"இனிப்புச்சோளப் பாகு. எங்க ஊருல பண்றது."

"எவ்வளவு?"

"கொஞ்சம்," என்றாள் அம்மா.

"மூணு கரண்டி," என்றேன் நான்.

"மூணா? அதான் இவ்வளவு தித்திப்பு," என்றாள் அம்மா. ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது அர்பன் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க சாப்பாட்டை வேணாம்னு சொன்னதா நினைச்சுக்காதீங்க. ஒரு பழக்கம், அவ்வளவுதான். விட்டா என்னமோ சட்டை போடாம வெளிய போன மாதிரி இருக்கும்."

அம்மா சோள ரொட்டித் துணுக்குகளை விரலால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"நான் ஞாயித்துக்கிழமை புல்லு வெட்ட மாட்டேன்," என்றாள். "எங்க அப்பாவும் வெட்டமாட்டார். மழை வாரம் முழுக்கப் பேய்ஞ்சு, ஞாயிறு மட்டும் வெயில் அடிச்சாலும் வெட்டமாட்டேன். இடுப்பு உசரம் நின்னாலும் சரி. பக்கத்து வீட்டுக்காரன் வெட்டினா எனக்கு வயிறு எரியும்."

"புரியுதுங்க," என்றார் அர்பன்.

"உங்களுக்குப் புரியும்னுதான் சொல்றேன்."

அர்பன் ஏழு மணிக்குக் கோயில் கூடத்துக்குத் திரும்ப வேண்டும். ஏழே காலுக்குத்தான் எழுந்தார். ஆப்பிள் பலகாரத்தில் ஒரு துண்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். கதவருகே நான் அவரிடம், "உங்க விதியை உடைக்க வச்சிருப்பேனோன்னு பயந்துட்டேன், மிஸ்டர் மேலிங்," என்றேன்.

"இன்னொரு தடவ மிஸ்டர் மேலிங்னு சொன்னா ஜூன்ல கோயிலுக்கு நான் வரமாட்டேன்," என்றார். "அர்பன். சொல்லு."

"அர்பன்," என்றேன். வாய் கூசியது.

"கேள்விக்குறி போட்ட மாதிரியே இருக்கு. பரவால்ல, பழகிக்கோ."

அம்மா கூடத்தில் உட்கார்ந்து டெலோரிஸிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரங்களை எடுக்கும்போது காதில் விழுந்தது.

"ஜூன்ல உங்க கோயில்ல வெக்கையா இருக்குமோ?"

"ஃபேன் இருக்குங்க. ஆனா வலது பக்கம் மட்டும்தான் நல்லாக் காத்து வரும்."

"பொண்ணு வீட்டுக்காரங்க எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"இடது பக்கம்."

"அப்ப நான் வலது பக்கம்தான் உக்காருவேன். யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, அடுப்படிப் பக்கம் குரலை உயர்த்தினாள். "லேசி! ஜூன் பன்னெண்டு என்ன கிழமை?"

"சனிக்கிழமைம்மா!"

"சனிக்கிழமைக்கு ஏதாவது விதி இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு, உன் நோட்டுல. முப்பது ஹாம் துண்டு எடுத்துட்டு வரப்போறேன், வந்து இறங்கினப்புறம் போன் போட்டுக் கேட்டுட்டு இருக்காதீங்க."

கையில் இருந்த தட்டுகளைத் தொட்டியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். கர்ட் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்தான். நான் அழவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை.

எட்டு மணிக்கு அம்மா கிளம்பினாள். வாணலியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அடியைத் தடவிப் பார்த்தாள். கரி பிடித்த இடத்தில் விரல் நின்றது.

"இந்த லட்சணத்துலயா? முதல்ல ஒழுங்கா ஆக்கி வை. ஜூன்ல வந்து எடுத்துக்கிறேன். சோப்பு படக் கூடாது, தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

நாளைய வேலை: காலையில் வாணலியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, கல்லுப்புப் போட்டுக் கரியைத் தேய்த்து எடுக்க வேண்டும். அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். சோப்பு கூடாது.